ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால்தான் ஏசி காற்று வருகிறது

கேள்வி: என் கார் வாங்கி 9 வருடம் ஆகிறது. ஏசி ப்ளோயர் (காற்றை உள்ளே தள்ளும் விசிறி) திடீர் திடீரென நின்றுவிடுகிறது. ஸ்பீடு பிரேக்கரிலோ பள்ளத்திலோ வண்டி குலுங்கினால் மறுபடி சுற்றுகிறது. முன்பு 4-வது ஸ்பீடில் மட்டும் காற்று வந்ததால் ரெசிஸ்டர் (ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துத் தரும் பாகம்) மாற்றினோம். மூன்றே மாதத்தில் அதுவும் போய்விட்டது. இப்போது கேஸ் குறைந்திருக்கும், நிரப்பலாம் என்கிறார்கள். நிரப்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தயவுசெய்து நிரப்பாதீர்கள். கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர்ச்சிதான் இருக்காது. உங்களுக்குக் காற்றே வரவில்லை. கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குலுங்கினால் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருக்க வேண்டும், அல்லது மோட்டாரோடு வயரை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் லூசாக இருக்க வேண்டும். அடுத்த முறை நின்றால் வண்டியை ஓரங்கட்டி, சுவிட்சை 4-வது ஸ்பீடில் வையுங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குக் கீழேதான் ப்ளோயர் மோட்டார் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அதன் அடிப்பகுதியை மெதுவாகத் தட்டுங்கள். உடனே சுற்ற ஆரம்பித்தால் கார்பன் முடிந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தட்டியும் சுற்றவில்லை, ஆனால் கப்ளரை லேசாக அசைத்தால் சுற்றுகிறது என்றால் கோளாறு அங்கே.

அந்தக் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் பழுப்பேறி, உருகிச் சுருங்கியிருக்கும். அந்த மூலையில் உள்ள டெர்மினலுக்கு (உலோக முனைக்கு) வரும் வயர் விறைத்துப்போயிருக்கும். பிடிப்பு தளர்ந்த இடத்தில்தான் சூடு ஏறும். சூடு ஏற ஏறப் பிடிப்பு இன்னும் தளரும். இதை முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே தடிமன் வயரோடு புதுக் கப்ளர்தான் போட வேண்டும்.

சரி, புது ரெசிஸ்டர் ஏன் போனது? முதல் மூன்று ஸ்பீடுகளுக்கும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. 4-வது ஸ்பீடில் நேராக மோட்டாருக்குப் போகிறது. அதனால்தான் ரெசிஸ்டர் போனாலும் 4 மட்டும் வேலை செய்தது. ரெசிஸ்டரைக் காற்று போகும் பாதையிலேயே பொருத்தியிருப்பார்கள், ப்ளோயர் காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. மோட்டார் இறுகினால் கூடுதல் கரண்ட் இழுக்கும், காற்றும் குறையும். இரண்டும் சேர்ந்து ரெசிஸ்டரை எரித்துவிடும். மோட்டாரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ரெசிஸ்டர் சூடேறும், அதையும் உருவிப் பார்த்துவிடுங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் ப்ளோயர் விசிறிக்குள் இலையும் குச்சியும், சில சமயம் எலி கூடுகட்டிய பஞ்சும் கிடைக்கும்.

எதைக் கழற்றும் முன்பும் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். க்ளவ் பாக்ஸ் பக்கம் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது. பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். 30 இருந்த இடத்தில் 40 போட்டால் பியூஸுக்குப் பதில் டேஷ்போர்டுக்குள் வயர் எரியும். இதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார் என்றால் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அதை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

உங்கள் வண்டிக்கு மோட்டார், ரெசிஸ்டர் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதுதான் என் யோசனை. மாற்றிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, 4-வது ஸ்பீடில் 20 நிமிடம் ப்ளோயரை ஓட்டுங்கள். அப்புறம் மோட்டார் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால், கப்ளரையும் மாற்றாமல் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாம்.