நெக்கர் ஆற்றங்கரையில் பேரனுக்கு ஏன் இளைப்பு?

கேள்வி: என் மகள் குடும்பம் ஜெர்மனியில் டூபிங்கன் என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. ஆறும் காடும் சூழ்ந்த ஊர். பெரிய ஆலை எதுவும் என் கண்ணில் படவில்லை. போன தை மாதம் நான் அங்கே இருந்தபோது ஏழு வயதுப் பேரனுக்கு இரவில் இளைப்பு வந்தது. சித்திரையில் மறுபடியும் வந்ததாம். “ஆயா, நான் உங்க ஊருக்கே வந்துடுறேன்” என்கிறான். பனிக்காற்று அவனுக்கு ஆகவில்லையா? இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாமா?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, இளைப்பு உள்ள குழந்தைக்குக் குளிர்ந்த வறண்ட காற்று ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு என்பது உண்மையே. ஆனால் பழியை முழுவதும் பனியின் மேல் போட்டுவிட்டால், புகை, மகரந்தம் என்ற மற்ற இரண்டு காரணங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

மார்கழி விடியலில் ஊருணிக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். யாரோ மூட்டிய சருகுப் புகை மேலே போகாமல், பனைமர உயரத்தில் வெள்ளைத் துணி விரித்தாற்போல் அப்படியே படர்ந்து நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, அதற்கு மேலுள்ள வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். டூபிங்கன் நெக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி வந்து பள்ளத்தில் தேங்குகிறது. நமக்கு ஒன்பது மணி வெயில் அந்த மூடியை உடைத்துவிடும். அங்கோ டிசம்பர் மாதச் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகு எழுந்து, தாழ்வாகவே நகர்ந்து, மாலை நாலரை மணி வாக்கில் மறைந்துவிடுவதால், காற்றசைவு இல்லாத நாட்களில் மூடி நாள் கணக்கில் அகலாமல் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட நாளில் ஊர் மூடுபனிக்குள் கிடக்க, தெற்கே உள்ள சுவேபிய ஆல்ப் மேட்டுநிலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஆலையில்லாத ஊரில் அந்த மூடிக்குள் சிக்கும் புகை எது என்று கேட்பீர்கள். வீட்டுச் சுவரோரம் விறகை அழகாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மாலையானால் கூடத்தில் விறகடுப்பு மூட்டிக் குளிர்காய்வது அங்கே பரவலான வழக்கம். வீட்டு விறகடுப்புகளிலிருந்து வெளிவரும் நுண்துகள், கார், லாரி எஞ்சின்களின் புகையிலிருந்து வருவதைவிட அதிகம் என்று ஜெர்மனியின் மத்தியச் சுற்றுச்சூழல் அலுவலகமே சொல்கிறது. 2010-க்கு முற்பட்ட அடுப்புகளில் பெரும்பாலானவை 2024 முடிவதற்குள் புகை வரம்புக்குள் வர வேண்டும், இல்லையேல் நிறுத்தப்பட வேண்டும் என்று சட்டமும் செய்தார்கள். ஆனால் புதிய அடுப்பிலும் ஈர விறகைத் திணித்தால் புகையத்தான் செய்யும்.

பி.எம்.2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த அறிவுரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 25. அது 2030-இலிருந்து 10 ஆகக் குறைகிறது. நம் நாட்டு வரம்பு 40. இந்த எண்களை ஒப்பிட்டு அங்கே எல்லாம் சுத்தம் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஆண்டுச் சராசரி நன்றாக இருக்கும் ஊரிலும், பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்கு நேர் எதிரே குழந்தையின் படுக்கையறைச் சன்னல் இருந்தால், அந்த இரவுக் காற்று வேறு.

சித்திரையில் வந்த இளைப்புக்கு மகரந்தம் காரணமாக இருக்கலாம். அங்கே ஏப்ரலில் பிர்ச் மரம் பூக்கும். அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தருவது. ஹேசல், ஆல்டர் மரங்களோ தை, மாசியிலேயே தொடங்கிவிடும் என்பதால், நீங்கள் பார்த்த தை மாத இளைப்பிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். மே முதல் ஜூலை வரை புல்லின் முறை. எந்த மகரந்தம் எவ்வளவு பரவும் என்பதை ஜெர்மன் வானிலைத் துறை எட்டு வகைகளுக்கு முன்கூட்டி அறிவிக்கிறது. இளைப்பு வந்த நாள், நேரம், அன்று புகை வாடை இருந்ததா, சன்னல் திறந்திருந்ததா என்று மகள் ஒரு நோட்டில் குறித்து வந்தால், மருத்துவர் ஒவ்வாமைப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துக் காரணத்தைப் பிரித்துவிடுவார். அதுவரை அவர் தந்த மருந்தை, இளைப்பு இல்லாத நாளிலும், தாமாக நிறுத்த வேண்டாம்.

நம் வீடுகளில் வளவு வாசல் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் சூடும் புகையும் தாமாகவே மேலேறிவிடும். அங்குள்ள வீடுகளோ குளிருக்காக இறுக்கி அடைக்கப்பட்டவை. ஆகவே எதிரெதிர்ச் சன்னல்களை ஒருசேர அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுவது அவர்கள் வழக்கம். குளிர்காலத்தில் இதை அடுப்புகள் எரியும் மாலையில் செய்யாமல் நண்பகலில் செய்யச் சொல்லுங்கள். மகரந்தக் காலத்தில் பேரனுக்கு இரவில் தலையைக் கழுவிவிட்டு, வெளியே போட்டிருந்த சட்டையைப் படுக்கையறைக்குள் கொண்டுவராமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

இங்கே அழைத்து வருவதை மருந்தாக நினைக்காதீர்கள். நம் ஊரில் போகிப் புகையும், சீமைக்கருவேலங் கரிமூட்டப் புகையும், ஆடிக்காற்றில் பறக்கும் புழுதியும் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறை போகிக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அப்போது வந்து போகட்டும். மருந்தும் கூடவே வரட்டும்.

கேள்வி: கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குப் போகிறேன். இளைப்பு உள்ளவர்கள் நகரத்தைவிட்டுக் காட்டோரம் தங்கினால் நல்லதுதானே?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: புகைக்கு அது சரி, மூச்சுக்குழாயை உறுத்தும் ஓசோன் வாயுவுக்குச் சரியில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் கடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. நெரிசலான சாலையில் புதிதாக வரும் புகையே ஓசோனைக் கரைத்துவிடுவதால், ஊர்ப்புறத்திலும் மலைச்சரிவிலும்தான் அது அதிகமாகத் தேங்கும். ஒரு மணி நேரச் சராசரி 180 மைக்ரோகிராமைத் தாண்டினால் மக்களுக்கு அறிவிப்பார்கள். வெயில் கொளுத்தும் நாளில் நடைப்பயிற்சியைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலில் வீட்டுக்குள் இருங்கள்.