ஐரிஷ்ல ஊர் பேரோட 'அக்' சேத்தா போதுமா?

டப்ளின்ல இருக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஐரிஷ் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். அயர்லாந்து 'ஏரே', ஐரிஷ்காரர் 'ஏரனக்'. அப்போ எந்த ஊர் பேரோடயும் 'அக்' சேத்துக்கலாமா? டப்ளின்காரன்னு எப்படி சொல்றது?"

பாதி சரிங்க. விகுதி அதேதான், கடைசி 'க்'கை மட்டும் தொண்டைல உரசி சொல்லணும். ஆனா பேர் அப்படியே இருக்க அதுமேல ஒட்டாது, பேரோட வால் கொஞ்சம் மாறும். இங்கிலாந்து சஸனா, அது சஸனக் ஆகும். ஸ்காட்லாந்து அலபின், அது அலபனக். ஏரே ஆறாம் வேற்றுமையில ஏரன் ஆகும், அதுலருந்துதான் ஏரனக். கோர்க் நகரம் கோர்கி, அந்த ஊர்க்காரர் கோர்கீயக். இதுக்கெல்லாம் ஒரே ஃபார்முலா தேடாதீங்க, டிக்‌ஷனரில பாத்து ஒவ்வொண்ணா மனசுல ஏத்திக்கிறதுதான் ஈஸி.

டப்ளினோட ஐரிஷ் பேர் மூணு சொல்லு சேந்தது, பேச்சுல 'ப்ளா க்ளீய'ன்னு சுருங்கிடும். அதுக்கு விகுதி தேடி மெனக்கெட வேணாம், 'இஸ் அஸ் ப்ளா க்ளீய மே'ன்னா நான் டப்ளின்லருந்துன்னு அர்த்தம், முடிஞ்சுது. எந்த ஊருக்கும் இது செல்லும்.

உண்மையான தலைவலி பாலும் எண்ணும்தான். பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி வரும், முன்னாடி நிக்கிற பெயர்ச்சொல் பெண்பாலா இருந்தா பெயரடையோட முதல் மெய் மெலிஞ்சிடும். ஒயின் ஆண்பால், அதனால பிரெஞ்சு ஒயின் 'ஃபீன் ஃப்ரான்கக்', ஆனா சீஸ் பெண்பால், அங்க 'காஷ் ரான்கக்', எழுத்துல எஃப் பக்கத்துல ஒரு ஹெச் வந்து உக்காந்து எஃப் சத்தத்தையே முழுங்கிடும். சஸனக் அதே மாதிரி ஹஸனக் ஆகும். ஏரனக், இன்டியக் மாதிரி உயிரெழுத்துல ஆரம்பிக்கிறதுக்கு இந்தத் தொல்லை இல்ல. (ஃப்ரான்ககை சின்ன எஃப் போட்டு எழுதிடாதீங்க, அது எலி, அதுவும் பெருச்சாளி சைஸ்.)

பன்மையில இன்னொரு இடம் வழுக்கும். இங்கிலாந்துக்காரங்கன்னு ஆளைச் சொன்னா 'சஸனி', இங்கிலாந்து சீஸ் வகைகள்னு பெயரடையா வந்தா 'சஸனகா'. ரெண்டும் ஒருமையில ஒரே சொல்லுங்கறதால நிறைய பேர் கலந்து கட்டிடறாங்க.

அயர்லாந்தோட அரசு பஸ் கம்பெனி பேரான பஸ் ஏரன்ல மட்டும் ஏன் 'அக்' காணோம்னா, அங்க பெயரடையே இல்ல, அயர்லாந்தோட பஸ்ஸுன்னு ஆறாம் வேற்றுமை. ஐரிஷ் விஸ்கிக்கு ஏரனக் போடுவாங்க, அதே விஸ்கிய ஊத்துன ஐரிஷ் காபிக்கு ஏரனக் வராது, அங்க கேலிக்னு அர்த்தம் வர்ற 'கேலக்'தான்.