மலேசியாவில் இருந்துகொண்டு விளையாட்டு வீரர்களின் கையெழுத்தை, அவர்கள் படம் அச்சான சேகரிப்புக் கார்டில் நேரில் வாங்க முடியுமா?

முடியும். ஆனால் கார்டை நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடும். கடையில் கார்டுப் பாக்கெட் வாங்கிப் பிரித்து, அதில் எந்த வீரரின் கார்டு வருகிறதோ அவரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கு என்று காணொளிகளில் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் அது நடக்கும். பேஸ்பால் பயிற்சி முகாமில் வேலிக்கு அந்தப் பக்கம் வீரர் நிற்பார். இந்தப் பக்கம் அவருடைய கார்டோடு ஒரு பையன் நிற்பான். கோலாலம்பூரில் நிலைமை வேறு. இங்கே கடைகளில் நான் பார்க்கிற பாக்கெட்டுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கால்பந்து ஆட்டக்காரர்களும் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களும்தான். அவர்கள் வருவதே அபூர்வம். வந்தாலும் விமான நிலையம், ஹோட்டல், புக்கிட் ஜாலில் அரங்கம், மறுபடி விமான நிலையம். 2011 ஜூலையில் ஆர்சனல், லிவர்பூல், செல்சி மூன்றும் ஒரே மாதத்தில் வந்துபோயின. மூன்று தடவையும் போய் நின்றேன். பஸ்ஸின் கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோகும் நம் வீரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கார்டு இல்லை. 2025 உலக பூப்பந்துப் போட்டியில் பெர்லி டானுடன் சேர்ந்து வெள்ளி வென்ற தீனா முரளிதரனின் கார்டை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. 2022இல் கார் விபத்தில் பலத்த காயமடைந்து, மீண்டு வந்து, 2024இல் லண்டனில் ஸ்குவாஷ் பட்டம் வென்ற சிவசங்கரி சுப்ரமணியத்தின் கார்டையும் பார்த்ததில்லை. ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் பினாங்குக்காரர். பினாங்குக் கடைகளிலும் அவர் கார்டைத் தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

வெறும் தாளில் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். 2008 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. பொதுத்தேர்தலுக்கு ஆறு நாள் இருந்ததால் பூச்சோங் சாலை நெடுகக் கட்சிக் கொடிகள். கின்ராரா ஓவல் மைதானத்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். இந்தியா 159 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மழை வந்து, தென்னாப்பிரிக்காவின் இலக்கு 25 ஓவருக்கு 116 என்று மாறி, கடைசியில் இந்தியா 12 ஓட்டங்களில் வென்றது. இந்திய அணித் தலைவர் விராட் கோலி என்ற டில்லிப் பையன். அன்று அந்தப் பெயர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடக் கணக்கு நோட்டை நீட்டி நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நான்கில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. ஒன்று ‘ஜே’ மாதிரி தொடங்குகிறது. ரவீந்திர ஜடேஜாவும் அந்த அணியில்தான் இருந்தார் என்று சில இரவுகளில் எனக்கு ஆசை கிளம்பும். இன்னொன்று தண்ணீர்ப் போத்தல் தூக்கிவந்த யாரோ ஒருவருடையதாகவும் இருக்கலாம். யாரைக் கேட்பது? கார்டில் முகமும் பெயரும் அச்சாகியிருக்கும். அதன்மேல் விழுந்த கிறுக்கல் யாருடையது என்று பதினெட்டு வருடம் கழித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி செய்முறை. கார்டின் அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஏ4 தாள் ஒன்றில் ஒன்பது கார்டு அடங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 ஜிஎஸ்எம்) கனமுள்ள, பளபளப்பில்லாத அட்டை கேளுங்கள்; பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடைக்காரரிடம் சொன்னால் அவருக்கே புரியும். லேசர் அச்சு நல்லது. மைதெளிப்பு (இங்க்ஜெட்) அச்சு வியர்வைக் கை பட்டாலே கரையும். படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். பார்வையாளர் வரிசையிலிருந்து கைப்பேசியில் எடுத்த சுமாரான படம்கூட, இணையத்தில் சுட்ட அழகான படத்தைவிட மேல். அது இன்னொருவரின் உழைப்பு என்பது ஒரு காரணம். உங்கள் படத்தைப் பார்த்ததும் ‘இது எந்த ஆட்டம்?’ என்று வீரரே நின்று கேட்பார் என்பது இன்னொரு காரணம்; எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

படத்தின் கீழ்ப்பகுதியில் வெளிர் நிறத்தில் இடம் விடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் இதை மறந்துவிட்டு, கறுப்புச் சட்டைமேல் கறுப்புப் பேனாவால் கையெழுத்து வாங்கிவிட்டு விழிப்பார்கள்.

நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. முதல் தொகுப்பை லேமினேட் செய்துவிட்டேன், அழகாக இருக்கட்டும் என்று. புக்கிட் ஜாலிலில், அப்போது அக்சியாத்தா என்ற பெயரில் இருந்த அரங்கத்தில், ஒரு பூப்பந்து இரட்டையர் ஆட்டக்காரர் நின்று, சிரித்து, கையெழுத்துப் போட்டார். மை அந்த வழவழப்பில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டது. கார்டைத் திருப்பித் தரும்போது அவருடைய கட்டைவிரலே அதைத் துடைத்துவிட்டது. இருவரும் அந்த நீலக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையில் வாங்கிய வழவழப்பான கார்டுக்கும் இதே கதிதான். அதற்கு ஒரு வழி உண்டு: குழந்தைகளுக்குப் போடும் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்து, கையெழுத்து விழும் இடத்தில் மெதுவாகத் தேய்த்து, மென்துணியால் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பசை போய் மை பிடிக்கும். பேனா என்றால் நீல நிற ஷார்ப்பி மார்க்கர், மெல்லிய முனை. இருண்ட கார்டுக்கு வெள்ளி நிற மார்க்கர். அதை வீட்டிலேயே குலுக்கி, வேறு தாளில் அழுத்தி, மை இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீரர் எதிரில் நின்றுகொண்டு பேனாவைக் குலுக்குவதைப் போல அசிங்கம் வேறில்லை. கார்டை உறையிலிருந்து முன்பே எடுத்து, அடியில் கெட்டி அட்டை வைத்து, பேனா மூடியைத் திறந்து நீட்டுங்கள். நடந்துகொண்டிருப்பவரை நீங்கள் நிறுத்தி வைக்கக்கூடியது ஐந்து விநாடி.

எங்கே போவது? ஜனவரியில் நடக்கும் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டிதான் என் பொங்கல். இறுதி ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாய், புதன் போங்கள். விடுப்பு எடுக்க வேண்டும், என்ன செய்வது. முதல் சுற்றில் கூட்டம் குறைவு, ஆட்டங்கள் அதிகம். ஆடி முடித்தவர்கள் சக ஆட்டக்காரரைப் பார்க்க மேலே வந்து உட்கார்வார்கள். ஆடப்போகிறவரை மறிக்கவே கூடாது. தோற்று வருகிறவரையும் விட்டுவிடுங்கள். அவரே நின்றால் வேறு. ஸ்குவாஷ் இன்னும் எளிது. புக்கிட் ஜாலில் தேசிய ஸ்குவாஷ் மையத்திலும், பினாங்கில் புக்கிட் டும்பாரில் நிக்கோல் டேவிட் பெயரில் இருக்கும் மையத்திலும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பெற்றோர். மீதிப் பேர் ஆட்டக்காரர்கள். தமிழ்ப் பிள்ளைகள் அங்கே நிறைய. ‘அக்கா, ஒரு நிமிடம்’ என்று தமிழில் கூப்பிட்டால் திரும்பாதவரை நான் இதுவரை கண்டதில்லை.

ஒவ்வொரு கார்டிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று கையெழுத்துக்கு, ஒன்று அவருக்கு. தன் முகம் போட்ட கார்டை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் அவர்கள். சிலர் இரண்டாவது பிரதியை அம்மாவுக்கு என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வாங்கியதும் உறைக்குள் திணிக்காதீர்கள். பத்து நிமிடமாவது காய வேண்டும். பிறகு ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் கூடு. பழைய புகைப்பட ஆல்பங்களின் மிருதுவான பிவிசி தாள் வேண்டாம். மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நீல மை வெளிறும். நம் ஊரின் ஈரப்பதத்தில் கார்டு வளையும், பூஞ்சணமும் பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். புதுக் காலணிப் பெட்டிகளில் வருவதையே நான் சேர்த்து வைக்கிறேன். வீட்டில் இதற்கு நல்ல பெயர் இல்லை.

விற்கலாமா என்று கேட்பீர்கள். பிஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கையெழுத்தைச் சோதித்துச் சான்று தருகின்றன. ஆனால் வீட்டில் செய்த கார்டுக்கு அந்தச் சந்தையில் மதிப்பு சொற்பம். பணம்தான் நோக்கம் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. நான் என் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறேன். விற்பனை விலை அதனால் இறங்கும், இவன் விற்கமாட்டான் என்று வீரருக்கும் தெரியும்.

கையெழுத்தே இல்லாத இரண்டு கார்டுகளும் என் டப்பாவில் இருக்கின்றன. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசனுக்கு ஒன்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார் அவர். அந்தத் தேசிய சாதனை 2017 வரை அசையவில்லை. அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணிக்கு இன்னொன்று. நாட்டின் ‘ஆண்டின் சிறந்த வீரர்’, ‘ஆண்டின் சிறந்த வீராங்கனை’ விருதுகள் முதன்முதலில் இந்த இருவருக்கும்தான் போயின. அவர்களுக்கு ஒரு கார்டு இருக்க வேண்டாமா?

நான் செய்ததில் எனக்குப் பிடித்த கார்டு, அச்சுப் பிழையுள்ள ஒன்று. புக்கிட் டும்பாரில் ஆடிய ஓர் இளம் வீராங்கனைக்குச் செய்தது. அவருடைய அப்பா பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். நம் பெயர்களை ரோமன் எழுத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள் இல்லையா, அந்தக் குழப்பம். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், முதலில் பெயரைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் விடுபட்ட எழுத்தை அச்சுக்கு நடுவே செருகி எழுதினார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பிரதியையும் வாங்கி அதிலும் திருத்திவிட்டு, ‘இது அப்பாவுக்கு’ என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார்.