கல்லறைத் தோட்டத்தில் பாழடைந்து கிடக்கும் சிற்றாலயம் எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா? பயமாக இருந்ததா?

போன பங்குனியில் போனேன், அத்தை சொல்லித்தான். அவருடைய தாத்தாவின் கல்லறை எங்கே இருக்கிறது என்று தேடி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். தரங்கம்பாடிக்கும் பொறையாறுக்கும் பக்கத்தில் ஒரு கிராமம். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே நாலு பேர் ரீல்ஸ் எடுக்க வந்து நிற்பார்கள்.

எங்கள் பக்கம் லுத்தரன் சபைக் குடும்பங்கள் நிறைய. 1620இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். 1706 ஜூலையில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, மறு வருஷமே அதற்குள்ளேயே அடக்கமானார். முப்பத்தாறு வயசுதான். அந்த ஆலயத்தையும் டேன்ஸ்போர்க் கோட்டையையும் பார்க்க டூரிஸ்ட் பஸ் வரும். நான் போன இடத்துக்கு ஆடு வரும்.

கம்பிக் கேட்டைத் தள்ளினால் உள்ளே ஒரே சீமைக் கருவேலம். குழி வெட்டும் பெரியவர் ஒருவர் கூட வந்தார். "யாரு வீட்டுப் புள்ள தம்பி நீ?" என்று கேட்டு, பரம்பரையையே விசாரித்து முடித்த பிறகுதான் அரிவாளை எடுத்தார். தனியாகப் போயிருந்தால் முதல் பத்தடியிலேயே ஒரு காலை விட்டிருப்பேன். பழைய கல்லறைகளில் சில செங்கல் வளைவு கட்டி மண் மூடியவை. வளைவு உள்வாங்கியிருந்தாலும் மேலே புல் மூடி, சமதரை போலவே தெரியும்.

நடுவில்தான் அந்தச் சிற்றாலயம். நம் வீட்டுக் கூடம் இரண்டைச் சேர்த்த அளவு இருக்கும். கதவு இல்லை. பாதிக் கூரையும் இல்லை. மீதிக் கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். இதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்திரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டு, திடமாக இருக்கிறது என்று கீழே போய் நிற்காதீர்கள். சுவருக்குள் செருகியிருக்கும் நுனிதான் ஈரம் வாங்கி முதலில் உளுத்துப்போகும், அது வெளியே தெரியாது. நான் கூரை விழுந்து வெட்டவெளியாகிவிட்ட பக்கமாகத்தான் நின்றேன்.

உள்ளே வௌவால் நாற்றம். சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. பிடுங்கலாமா என்று கை வைத்தேன். "தம்பி, அதை இழுத்தா செங்கல்லும் சேர்ந்து வரும், விடு" என்றார் பெரியவர். ஒரு பக்கச் சுவரை மட்டும் யாரோ நல்ல மனசோடு சிமென்ட் பூசியிருந்தார்கள். இருக்கிற பக்கங்களிலேயே மோசமானது அதுதான். கடற்கரை ஊர், செங்கல்லில் உப்பு ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. விரலால் தட்டினேன், பூச்சு பாளமாக வந்தது. பின்னால் இருந்த செங்கல் மாவாகக் கொட்டியது.

எனக்குப் புதிராக இருந்தது நடுவில் இருந்த செங்கல் மேடை. பலிபீடம் என்று நினைத்தேன். ஆனால் பீடம் கிழக்குச் சுவரை ஒட்டித் தனியாக இருந்தது. இது இடுப்பளவு உயரம், ஆள் நீளம், வாசலுக்கு நேராகக் கிடந்தது. தரை ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்து, அங்கே சுவரடியில் ஒரு ஓட்டை. கட்டடத்துக்கு ஏறி வரவே நாலு படி, இத்தனை சின்னக் கட்டடத்துக்கு.

"பொட்டி வைக்கிற மேடை அது" என்றார். "ஐப்பசி கார்த்திகையில குழி வெட்டுனா மூணடியில தண்ணி ஊறும். இறைக்க இறைக்க ஊறும். மழை விடுற வரைக்கும் பொட்டி இங்கதான் கெடக்கும். ஐயர் ஜெபம் பண்ணுவாரு, சனம் நனைஞ்ச துணியோட நிக்கும்." எங்கள் பக்கம் ஐயர் என்றால் சபைப் போதகர். ஓட்டை அந்தத் துணித் தண்ணீர் வெளியே போகத்தான்.

அதன் பிறகு எனக்கு அந்த இடம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. படி வெள்ளத்துக்காக, சாய்வு மழைக்காக. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மண் பாறையாக இறுகிவிடும், குழி வெட்ட முடியாமல் பெட்டியைக் கட்டடத்துக்குள் காக்க வைப்பார்கள். இங்கே மண் குழைந்து போவதால் காத்திருக்கிறார்கள். கல்லே கிடைக்காத வண்டல் பூமி இது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஏழைச் சபைக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் போதும் என்று கட்டியிருக்கிறார்கள், அதை வருஷா வருஷம் பூசவும் வேண்டும். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலில் கூரை ஒரு மூலை போனதாம். அப்போதே அதை அடைத்திருந்தால் மீதியும் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

பயமா? விரியன் பாம்புக்குப் பயந்தேன், கூரைக்குப் பயந்தேன். பெரியவர் சித்திரை வெயிலில் அந்த மேடையில்தான் துண்டை விரித்துப் படுப்பாராம், குளுகுளுவென்று இருக்குமாம். "கூரை விழுந்துடப் போகுது தாத்தா" என்றேன். "விழுறதா இருந்தா எப்பவோ விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு முள்ளை வெட்டப் போய்விட்டார்.

கல்லறையா? சுண்ணாம்புப் பலகையில் எழுத்து உதிர்ந்து "மாதம் 9ந் தேதி" மட்டும் மிஞ்சிய ஒன்றைப் படம் எடுத்து அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது இல்லைடா, கிணத்துக்கு வடக்கே" என்று பதில் வந்தது. கிணறு முள்ளுக்குள் இருக்கிறது. ஆனியில் வெட்டுவார்களாம், அப்போது மறுபடியும் போக வேண்டும்.