பாட்டில் ஏற்றவா, பவுடர் கொடுக்கவா?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். அப்பச்சிக்கு 72 வயது. வளவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை உண்டு. மூன்று வேளையும் கஞ்சிதான் இறங்குகிறது. 66 கிலோ இருந்தவர் இப்போது 60. வீட்டுக்கு வந்து ஊசி போடும் கம்பவுண்டர், வாரம் ஒரு 'அமினோ ஆசிட் பாட்டில்' ஏற்றினால் எழுந்து நடப்பார் என்கிறார். சிங்கப்பூரில் இருந்து மச்சான் 'பிசிஏஏ' என்று ஒரு டப்பா பவுடர் அனுப்பியிருக்கிறார். எதைக் கொடுக்கலாம்?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: தம்பி, இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு முட்டையை எடுங்கள். அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது. கம்பவுண்டர் சொல்லும் பாட்டில் 200 மில்லி, லேபிளில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது 10 கிராம் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கல். இரண்டு முட்டைக்கும் குறைவு! அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை. அப்பச்சிக்கோ தினமுமே 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நோயில் விழுந்த முதியவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். மூன்று வேளைக் கஞ்சியில் பத்து கிராம் தேறினாலே பெரிது.

பாட்டிலைக் குறை சொல்லவில்லை. குடல் வேலை செய்யாதவருக்கு, வாயாலும் குழாயாலும் எதுவும் கொடுக்க முடியாதவருக்கு அது உயிர் காக்கும் சங்கதி. அதை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ், கொழுப்பு எல்லாம் சேர்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். வாயும் வயிறும் நன்றாக இருக்கிறவருக்கு, பட்டாலையில் ஆணியடித்துப் பாட்டில் மாட்ட என்ன அவசியம்?

பவுடருக்கு வருவோம். பிசிஏஏ என்றால் லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும்தான். உடம்பு தானே செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டில் இருந்தே எடுத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் மொத்தம் ஒன்பது. மூன்று தேக்குத் தூணை மட்டும் வாங்கி நிறுத்திவிட்டு, வீடு எழும்பவில்லையே என்று கொத்தனாரைக் கோபித்து என்ன செய்வது? பவுடர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்பதும் உள்ள முழுப் புரதமாக, பாலில் இருந்து எடுத்த வே புரதம் மாதிரி வாங்குங்கள். டப்பாவில் சர்க்கரை எவ்வளவு என்றும் பாருங்கள்.

தனி அமிலத்தை அள்ளிக் கொடுத்து ஆபத்தில் முடிந்த கதையும் உண்டு. கடும் நோயில் உடம்பில் குளுட்டமைன் என்ற அமினோ அமிலம் குறைகிறது, கொடுத்தால் பிழைப்பார்கள் என்று பல வருஷம் நம்பினோம். கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,223 பேரிடம் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் பல உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்தவர்கள். குளுட்டமைன் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர் 28 நாளில் இறந்திருந்தார்கள். கொடுக்காதவர்களில் 27 பேர். அப்பச்சி அந்த நிலையில் இல்லைதான். ஆனாலும் 'குறைகிறது, ஊற்று' என்ற கணக்கு உடம்பில் அப்படியே செல்லாது.

கஞ்சிக்காக உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்துவிட்டு, என் ஆத்தாவுக்கு டைபாய்டு வந்தபோது சொந்தபந்தத்தின் பேச்சைக் கேட்டு இரண்டு வாரம் கஞ்சியும் ரஸ்க்குமாகவே ஓட்டினேன். பதினைந்தாம் நாள் தலைவாரக் கையைத் தூக்கினார்கள். மணிக்கட்டில் நின்ற வளையல் சரசரவென்று முழங்கைக்கு இறங்கியது. படுக்கை அவ்வளவு வேகமாகத் தின்னும். நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது.

அப்புறம் நம் ஊர் நாட்டுக்கோழிச் சாறு. மிளகு தட்டிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தெளிந்த சாற்றை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, கறியை மற்றவர்கள் சாப்பிடுவார்கள். "சத்தெல்லாம் சாத்துல இறங்கிருச்சுல்ல" என்பார்கள். இறங்காது. புரதம் பெரும்பாலும் கறியிலேயே நிற்கிறது. எலும்பில் இருந்து கரைகிற கொலாஜன் என்ற புரதத்தில், அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபன் கிடையவே கிடையாது. எனவே கறியை உதிர்த்து, அம்மியில் ஒரு நசுக்கு நசுக்கி அதே சாற்றில் போட்டுக் கொடுங்கள். சாறு நாக்கை எழுப்பட்டும், கறி காலுக்குப் போகட்டும்.

கறி இறங்காத நாளில் கும்மாய மாவு இருக்கிறதே. அந்த ஒன்பதில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. உளுந்து, பாசிப்பருப்பு, அரிசி மூன்றையும் வறுத்துத் திரித்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அப்பச்சிக்குச் சர்க்கரை என்பதால் கருப்பட்டியை விட்டுவிட்டுப் பாலில் காய்ச்சுங்கள். காலையில் இரண்டு முட்டை, இடையில் பால், மதியம் குழைந்த சோற்றில் கெட்டிப் பருப்பும் மீனும் என்று பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். அரை வயிறாகவே விட்டால் கொடுத்த புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த கால் பயிற்சியையும் விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். சர்க்கரைக்காரரின் சிறுநீரகம் சோர்ந்திருந்தால் நான் சொன்ன அளவு பொருந்தாது, டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஈரல் சுருக்கம். ஒருமுறை நினைவு தடுமாறியது. அதில் இருந்து பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரியா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சரியில்லை அம்மா. அது பழைய வைத்தியம். ஈரல் சுருக்கத்துக்கும் இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றுதான் சொல்கிறார்கள். ஈரலால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் சேர்ந்து நினைவைத் தடுமாற வைக்கும் அம்மோனியாவைச் சமாளிக்கிற ஓர் இடம் சதை. அது கரைந்தால் அந்த இடமும் போய்விடும். மேலே ஓரமாக வைக்கச் சொன்ன பிசிஏஏவுக்கு இங்கே உண்மையிலேயே வேலை உண்டு. நினைவுத் தடுமாற்றம் குறைய அது உதவுகிறது, ஆயுளைக் கூட்டுவதாக மட்டும் தெரியவில்லை. ஈரல் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். பால், தயிர், பருப்பை இன்றே திரும்ப ஆரம்பிக்கலாம். இரவு வெறும் வயிற்றோடு விடாமல், படுக்கும் முன் ஒரு கிண்ணம் கும்மாயமோ பாலில் ஊறிய இடியாப்பமோ கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மலம் இளகிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். மலச்சிக்கல் வந்தாலும் தடுமாற்றம் திரும்பலாம்.