வெனிஸைப் பார்க்க இரண்டு நாள் போதுமா? வயதான பெற்றோருடன் போனால் எப்படித் திட்டமிடுவது?

கேள்வியைச் சுருக்கி இங்கே வைத்துவிடுகிறேன். அக்டோபரில் நால்வராக ரோம், ஃபிளாரன்ஸ் பார்த்துவிட்டு ரயிலில் வெனிஸ் போகிறீர்கள். கையில் இரண்டு இரவுகள். கூட வரும் அம்மாவும் அப்பாவும் எழுபதை நெருங்குகிறவர்கள், அப்பாவுக்கு மூட்டுவலி, குடும்பமே சைவம். செலவைக் குறைக்க மெஸ்த்ரேயில் அறை எடுக்கலாமா, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு இரவு போதும். ஆனால் இரண்டு இரவுமே தீவுக்குள் தங்குங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

மெஸ்த்ரே என்பது வெனிஸ் தீவைச் சூழ்ந்த காயலுக்கு இந்தப் பக்கம் தரையில் இருக்கும் சாதாரண ஊர். ரயிலில் பத்து நிமிடம்தான், வாடகையும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் வெனிஸுக்குக் காலையில் வந்து மாலையில் திரும்புகிற கூட்டம் மிகப் பெரியது. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 1951இல் அங்கே 1,70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை ரியால்ட்டோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் நடுவிலுள்ள சந்துகளில் நகர்ந்து நகர்ந்துதான் போக முடியும். அதே சந்துகளில் காலை ஏழு மணிக்கு நீங்களும் காய்கறி இறக்கும் படகுக்காரர்களும் மட்டும்தான் இருப்பீர்கள். இரவு ஒன்பதுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. மெஸ்த்ரேயில் தங்குகிறவருக்கு இந்த இரண்டு நேரமுமே கிடைப்பதில்லை. அப்பாவின் மூட்டை நினைத்தாலும் இதுதான் சரி: மதியம் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு வந்தால் மாலையில் அவரால் தெம்பாக நடக்க முடியும்.

இடையில் ஒன்று. பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் அதைத் தொடங்கினார்கள். தீவில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, விடுதியில் தலைக்கு ஒரு சிறு நகர வரி மட்டும் கேட்பார்கள்.

அறை தேடும்போது வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள். நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படி ஏறி இறங்க வேண்டியவை. வரைபடத்தில் நூறு மீட்டர் என்று காட்டும், நடுவில் இரண்டு பாலம் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினால் வந்த அன்றே எல்லோருக்கும் அலுத்துவிடும். விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி இரண்டு விஷயம் கேளுங்கள்: பக்கத்துப் படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்? லிஃப்ட் இருக்கிறதா? அத்தனையும் பழைய கட்டடங்கள், லிஃப்ட் இல்லாத விடுதிகள் நிறைய. நிறுத்தத்தின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதவிலக்கம் தெருவுக்குத் தெரு போவதில்லை, ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் போகும். வெறும் முகவரியை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரரிடம் கேட்டால்கூடச் சட்டென்று சொல்ல மாட்டார். பெற்றோருடன் போகும்போது நான் முதலில் பார்ப்பது ஸாட்டரே நிறுத்தத்தை ஒட்டிய இடங்கள். நீளமான, அகலமான கரை, தெற்கு பார்த்து வெயில் விழும், கூட்டமும் குறைவு. அங்கே கிடைக்காவிட்டால் கா தோரோ அல்லது அர்செனாலே நிறுத்தங்களின் பக்கம் தேடலாம்.

நகரத்துக்குள் கார், ஆட்டோ, சைக்கிள் எதுவும் கிடையாது. வாப்பரெட்டோ எனப்படும் படகுதான் டவுன் பஸ். ஒருமுறைக்கான சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. நான்கு முறை ஏறினாலே கணக்கு நேராகிவிடும், நீங்களோ அதைவிட நிறைய ஏறப்போகிறீர்கள். எனவே ரயில் நிலையத்திலேயே ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் நிறுத்தத்தில் உள்ள கருவியில் காட்ட வேண்டும், மறந்தால் அபராதம். நிறுத்தங்கள் நீரில் மிதக்கும் மேடைகள் என்பதால் படகில் ஏறுவது பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்காது, படகுக்காரரும் கை கொடுப்பார்.

வந்த அன்று பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு, வெயில் சாயும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக பியாஸ்ஸாலே ரோமாவுக்குப் படகில் போங்கள். ஒன்றாம் எண் படகு அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த நிறுத்தமான ரயில் நிலையத்தில் கூட்டம் ஏறிவிடும், அதற்குள் நால்வருக்கும் திறந்த பக்கத்தில் உட்கார இடம் பிடித்துவிடலாம். அங்கிருந்து கிராண்ட் கனால் எனப்படும் பெருங்கால்வாய் முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். 3.8 கிலோமீட்டர் நீளத்தை ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். வெனிஸில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இந்தப் படகுப் பயணத்தைத்தான் சொல்வேன். காரணம், இரு கரையிலும் உள்ள மாளிகைகளின் முகப்பெல்லாம் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கு இறக்கும் வாசல், மேலே வணிகரின் குடும்பம் வாழ்ந்த தளம். சந்து வழியாக நடக்கிறவருக்கு அந்த வீடுகளின் முதுகுதான் தெரியும்.

ரியால்ட்டோ பாலத்தை நெருங்கும்போது இடது கரையில் பெரிய சதுரமான வெள்ளைக் கட்டடம் ஒன்று வரும். ஜெர்மன் வணிகர்கள் தங்கிச் சரக்கு வைத்திருந்த இடம், 1505இல் பழையது எரிந்துபோன பிறகு கட்டியது. எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் வெனிஸ்காரர்கள் வாங்கி வந்த மிளகு இங்கிருந்துதான் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே போனது. அந்த மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்தது என்பதை அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள், அவர்கள் அந்தச் சுவர்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் இந்த ஊர்க்காரர்தான். அவர் குடும்பத்தின் வீடு இருந்த முற்றம் ரியால்ட்டோவிலிருந்து நடக்கும் தூரத்தில், கோர்த்தே செகோந்தா தெல் மிலியோன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பார்க்க ஒரு பழைய வளைவும் கிணறும்தான், ஆனாலும் அங்கே கொஞ்ச நேரம் நிற்க எனக்குப் பிடிக்கும்.

கல்லால் ஆன ரியால்ட்டோ பாலம் 1591இல் முடிந்தது. அதைத் தாண்டிக் கால்வாயின் முனைக்கு வரும்போது வலது கரையில் சலூத்தே தேவாலயத்தின் பெரிய கும்மட்டம் தெரியும். 1630இல் கொள்ளைநோய் ஊரையே அழித்தபோது நேர்ந்துகொண்டு கட்டியது. சேற்றில் இறக்கிய பத்து லட்சத்துக்கும் அதிகமான மரக்கம்பங்களின் மேல் அது நிற்கிறது என்று சொல்வார்கள். நகரம் முழுவதற்குமே அடித்தளம் இப்படித்தான். சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. அதன்மேல் இஸ்திரியா பகுதியின் வெள்ளைக் கல்லைப் பரப்பி, அதற்கு மேல் செங்கல் எழுப்பினார்கள்.

சான் மார்க்கோ வல்லரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பாலம் ஏறாமல் சதுக்கத்துக்குப் போய்விடலாம். அந்த நேரத்தில் பகல் கூட்டம் கிளம்பியிருக்கும். 1720இல் தொடங்கிய ஃப்ளோரியான் காபிக்கடை வாசலில் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் இசைக்கும் சேர்த்துக் காசு, நின்று கேட்கக் காசில்லை. படிகளிலும் தரையிலும் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். சதுக்கத்தைச் சுற்றிப் பொது இருக்கைகளும் அரிது. அப்பாவை அதிக நேரம் நிற்க வைக்காமல் அறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மறுநாள் காலை டோஜே அரண்மனை திறக்கும்போதே வாசலில் இருங்கள். முப்பது நாட்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்தால் சீட்டு விலை குறைவு, வரிசையும் மிச்சம். டோஜே என்பவர் குடியரசின் தலைவர், மன்னர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர், வாழ்நாள் முழுவதும் பதவியில் இருப்பவர், ஆனால் எல்லாப் பக்கமும் அவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பெருமன்ற மண்டபத்தில் டோஜேக்களின் உருவப்படங்கள் வரிசையாக இருக்கும், ஓரிடத்தில் மட்டும் கறுப்புத் துணி வரைந்திருக்கும். ஆட்சியைத் தானே பிடித்துக்கொள்ள முயன்றதற்காக 1355இல் தலை வெட்டப்பட்ட மரினோ ஃபலியேரோவின் இடம் அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்று 1797இல் நெப்போலியனிடம் விழுந்த ஒரு குடியரசு, தன் அதிகாரிகளை எப்படி எச்சரித்தது என்பது அந்த ஒரு கறுப்புக் கட்டத்தில் தெரிகிறது. அதைத் தவறவிடாதீர்கள். உள்ளே படிகள் உண்டு. நிதானமாக ஏறி, பெஞ்சு கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து பார்த்தால் அப்பாவால் முடியும்.

பக்கத்திலேயே சான் மார்க்கோ தேவாலயம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். கூரையெங்கும் பொன் பதித்த மொசைக் ஓவியங்கள். முகப்பின் மேல் நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல்கள். 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடி எடுத்து வந்த அசல் குதிரைகள் மாடியில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த மாடிப்படி செங்குத்தானது. நீங்கள் ஏறுங்கள், அம்மாவும் அப்பாவும் கீழேயே இருக்கட்டும்.

சதுக்கத்து மணிக்கோபுரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். சான் ஸக்காரியா நிறுத்தத்திலிருந்து இரண்டாம் எண் படகில் ஒரே நிறுத்தம் தள்ளி சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தீவு. கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த தேவாலயம், அதன் கோபுரத்துக்கும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு. சான் மார்க்கோவையே எதிரில் வைத்துப் பார்க்கலாம் என்பதால் காட்சியும் இங்கேதான் நன்றாக இருக்கும். நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு அகலமான பாலம் ஏற வேண்டும். அதன் மேல் நின்றால் பெருமூச்சுப் பாலம் தெரியும், அதற்கென்று தனியாக அலைய வேண்டாம். மதியம் ஓய்வு. மாலையில் ஸாட்டரே கரையில் ஒரு நடை, அப்படியே சான் த்ரோவாஸோவில் கோண்டோலா என்னும் நீண்ட துடுப்புப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையைக் கால்வாயின் எதிர்க்கரையிலிருந்து பார்த்துவிடுங்கள்.

கோண்டோலா சவாரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாநகராட்சி வைத்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 110. தலைக்கு இல்லை, படகுக்கு. நால்வராகப் போனால் நினைத்த அளவு பாரமில்லை. ஆனால் பெருங்கால்வாயில் வேண்டாம், சின்னக் கால்வாய்க்குள் போகச் சொல்லுங்கள். பணம் இடித்தால் ட்ரகெட்டோ போதும். பாலமில்லாத இடங்களில் அக்கரைக்குக் கொண்டுவிடும் கோண்டோலா அது, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. மூன்றாம் நாள் காலை சாந்தா சோஃபியாவில் ஏறினால் ரியால்ட்டோ சந்தையில் இறக்கிவிடும். காய்கறிக் கடைகளில் உள்ளூர்க்காரர்கள் சாமான் வாங்குவதை அங்கே பார்க்கலாம். மீன் பகுதி ஞாயிறும் திங்களும் கிடையாது.

முரானோ, புரானோ தீவுகளை இந்த இரண்டு நாளில் திணிக்காதீர்கள். முரானோவின் கண்ணாடிப் பட்டறைக்கு இலவசமாகப் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால், விற்பனைக்கூடத்தில்தான் கொண்டுவிடுவார்கள். இன்னொரு முழு நாள் கிடைத்தால் தோர்ச்செல்லோவுக்குப் போங்கள். 639இல் நிறுவிய தேவாலயம், உள்ளே ஒரு சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பின் மொசைக், சுற்றிலும் நாணலும் சேறும். வெனிஸ் உருவாவதற்கு முன் இந்தக் காயல் எப்படி இருந்திருக்கும் என்பது அங்கே போனால் புரியும்.

அக்டோபரில் கடல்நீர் ஏறும் பருவம் தொடங்கிவிடும். 2019 நவம்பரில் 187 செ.மீ. வரை ஏறியது. 2020 அக்டோபரிலிருந்து காயலின் மூன்று வாய்களிலும் 78 கதவுகளை எழுப்பித் தடுக்கிறார்கள், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் பொதுவாக 110 செ.மீ. வரும் என்று கணித்தால்தான் கதவுகளை எழுப்புகிறார்கள். சதுக்கம் தாழ்வான இடம், தொண்ணூறுக்கே அங்கே தண்ணீர் தேங்கும். மாநகராட்சியின் நீர்மட்டக் கணிப்பை முந்தின இரவே பாருங்கள். தண்ணீர் வருவதும் போவதும் சில மணி நேரக் கதை. அரண்மனைச் சீட்டை மட்டும் அதற்கேற்ற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், காயல் ஊர் என்பதால் மீன் எங்கும் இருக்கும். சூப்பிலும் சோற்றிலும் மீன்சாறோ இறைச்சிச்சாறோ சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டே சொல்லுங்கள். மரினாரா பீட்ஸாவில் சீஸ்கூட இருக்காது, தக்காளியும் பூண்டும்தான். பாக்கரி எனப்படும் சிறு கடைகளில் ரொட்டித் துண்டின்மேல் கத்தரிக்காய், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), சீஸ் வைத்துத் தருவார்கள், ஒவ்வொன்றும் ஓரிரு யூரோதான். காபியை நின்றுகொண்டு குடித்தால் பாதி விலை. தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல குடிநீர், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். கழிப்பறைக்குக் காசு கட்ட வேண்டும், அம்மாவின் பையில் எப்போதும் சில்லறை இருக்கட்டும். கிளம்பும் நாளில் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே படகுக்கு வந்துவிடுங்கள். நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் பெட்டிகளோடு முதல் படகில் இடம் கிடைக்காது.