நெட்வொர்க் கேள்வி பதில்: இந்த மாதம் ஸ்விட்ச் அப்கிரேடு

அக்கா, வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.டி. பார்க்கிறேன். இரண்டாவது மாடியில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்ச் நான்கு, ஒரே ஸ்டாக்காக, அதாவது ஒன்றாகக் கோத்து ஒரே ஸ்விட்ச் போல ஓடுகின்றன. அவற்றின் சாஃப்ட்வேர் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. 16.12. "பழைய சாஃப்ட்வேர், மாற்றவும்" என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஐ.சி.யூ. அந்த மாடியில்தான். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது. நான் இதுவரை ஸ்விட்ச் அப்கிரேடு செய்ததே இல்லை. எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம் ஆகும்?
— மதுரைத் தம்பி

தம்பி, கட்டளைகள் மூன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இன்ஸ்டால் ஆட், இன்ஸ்டால் ஆக்டிவேட், இன்ஸ்டால் கமிட். மூன்றையும் ஒரே வரியில் அடிக்கலாம். இணையத்தில் தேடினால் எல்லோரும் அப்படித்தான் காட்டுவார்கள். மருத்துவமனையில் அது வேண்டாம். பிரித்துச் செய்யுங்கள்.

'ஆட்' என்பது புதிய ஃபைலை விரித்து, ஸ்டாக்கில் உள்ள நான்கு ஸ்விட்சுக்கும் கொண்டுபோய் வைக்கும் வேலை. அதில் யாருக்கும் இணைப்பு போகாது, பகலிலேயே முடிக்கலாம். 'ஆக்டிவேட்' அடித்தால்தான் ரீபூட். நான்கும் சேர்ந்து விழும், ஒவ்வொன்றாக விழாது. புதிய பதிப்பில் எழுந்த பிறகு 'கமிட்' கொடுக்க உங்களுக்கு 2 மணி நேரம் இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் ஸ்விட்ச் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பி மறுபடி ரீபூட் ஆகும். இந்த 2 மணி நேரம்தான் உங்கள் காப்பீடு. ஒரே வரியில் அடிப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 'ஆக்டிவேட்' முடிந்தது, எல்லாம் வேலை செய்கிறது என்று கமிட் போடாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், நடுராத்திரியில் மாடி முழுக்க இன்னொரு தடவை விழும்.

எந்தப் பதிப்பு? 17-ஆம் வரிசையில் மூன்றுக்கு ஒன்று நீண்ட ஆதரவு உள்ளது: 17.3, 17.6, 17.9, 17.12, 17.15. இவற்றுக்கு 36 மாதம் திருத்தங்கள் வரும். நடுவில் உள்ளவற்றுக்கு 12 மாதம்தான். டவுன்லோடு பக்கத்தில் சிஸ்கோ பரிந்துரைக்கும் பதிப்புக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நட்சத்திரமும் நீண்ட ஆதரவும் சேர்ந்திருப்பதை எடுங்கள். மிகப் புதியதுதான் வேண்டும் என்ற ஆசை உங்கள் மருத்துவமனைக்கு வேண்டாம். அதில் உள்ள பிழைகளை வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும். 16.12-இலிருந்து அதற்கு நேராகப் போகலாமா என்பது அந்தப் பதிப்பின் ரிலீஸ் நோட்ஸில் இருக்கும். அதை முழுக்கப் படியுங்கள். அலுப்பாக இருக்கும், படியுங்கள்.

சரி, இனிமேல்தான் வேலை.

முதலில் 'ஷோ வெர்ஷன்' அடித்து, கடைசியில் வரும் அட்டவணையைப் பாருங்கள். நான்கு ஸ்விட்சுக்கும் ஒரே பதிப்பு, 'இன்ஸ்டால்' மோடு என்று இருக்க வேண்டும். ஒன்றில் 'பண்டில்' (விரிக்காத முழு ஃபைலிலிருந்தே ஓடும் முறை) என்று இருந்தாலும் அங்கேயே நின்று அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வாருங்கள். 'ஷோ பூட்' அடித்தால் பேக்கேஜஸ்.கான்ஃப் ஃபைலைக் காட்ட வேண்டும்; எதையெல்லாம் ஏற்றுவது என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. புதிய பதிப்பின் ஃபைல் 1 ஜி.பி.க்கு மேல் இருக்கும்; ஸ்விட்சின் சேமிப்பிடமான ஃபிளாஷில் இடம் போதாவிட்டால் 'இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்' கொடுத்துப் பழைய குப்பையைத் தள்ளலாம். அதை இப்போது செய்யலாம். அப்கிரேடு முடிந்த கையோடு செய்யாதீர்கள், ஏனென்றால் அப்போது குப்பை என்று அது தள்ளுவது நீங்கள் திரும்பிப் போக வேண்டிய 16.12-ஐ. ஒரு வாரமாவது அது ஃபிளாஷில் கிடக்கட்டும்.

ஃபைலை இறக்கியதும் 'வெரிஃபை' கட்டளையால் எம்.டி.5 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து, டவுன்லோடு பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த ஃபைல் பார்வைக்கு முழு ஃபைல் போலவே இருக்கும்.

அடுத்தது பலர் விடுவது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் எப்போதாவது பாஸ்வேர்டு மறந்து ரெகவரி செய்திருக்கலாம். அப்போது 'தொடக்கக் கான்ஃபிகரேஷனை (சேமித்த அமைப்புகளை) படிக்காதே' என்று பூட்லோடரில், அதாவது ஸ்விட்ச் எழும்போது சாஃப்ட்வேரை ஏற்றும் சிறு நிரலில், ஒரு குறி வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஸ்விட்ச் வருடக்கணக்கில் நன்றாகவே ஓடும், அடுத்த ரீபூட்டில் வெறும் பெட்டியாக எழுந்து நிற்கும். பழி அப்கிரேடு மேல் விழும். 'ஷோ ரோம்வார்' அடித்து, இக்னோர் ஸ்டார்ட்அப் என்று வரும் வரியில் 1 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். 'ரைட் மெமரி' கொடுத்து, கான்ஃபிகரேஷனின் ஒரு நகலை உங்கள் லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். வழக்கமான ரீபூட்டுக்கு மேல், போர்ட் வழியாக மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.இ. பகுதிக்கான மைக்ரோகோடும் புதுப்பிக்கப்பட்டால் 4 நிமிடமோ கூடுதலோ ஆகும். அதன்பிறகு வைஃபை பெட்டிகள் எழுந்து கண்ட்ரோலரைத் தேட வேண்டும், ஃபோன்கள் பதிவாக வேண்டும். நிர்வாகத்திடம் 2 மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதற்குள் திரும்பிப் போகும் நேரமும் அடங்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆன பிறகும் ஏதோ ஒன்று சரியில்லை என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சி செய்யாதீர்கள். 'இன்ஸ்டால் ரோல்பேக்' கொடுத்துப் பழையதற்குப் போய்விடுங்கள். ஆராய்ச்சியை மறுநாள் லாகை வைத்துச் செய்யலாம்.

அந்த மாடியில் பி.ஓ.இ.யில் ஓடும் ஃபோன், கேமரா, நர்ஸ் அழைப்புக் கருவி எல்லாம் ரீபூட்டின்போது அணைந்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மெயில் அனுப்பிவிட்டேன் என்பது அங்கே செல்லாது. மானிட்டர்கள் எந்த ஸ்விட்சில் தொங்குகின்றன, நெட்வொர்க் போனால் படுக்கையருகே அலாரம் ஒலிக்குமா என்பதை பயோமெடிக்கல் ஆட்களிடம் கேட்டு உறுதி செய்யாமல் தேதி குறிக்கவே கூடாது. 'ஆமாம், ஒலிக்கும்' என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எந்த இரவு? சனிக்கிழமை நடுராத்திரி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஞாயிறு காலையில் ஏதாவது கோளாறு என்றால் வெண்டர் ஆளும் கிடைக்கமாட்டார், எக்ஸ்ரே சாஃப்ட்வேர் ஆளும் கிடைக்கமாட்டார். செவ்வாய், புதன் இரவு 11 மணி நல்லது. மறுநாள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை மட்டும் தொடாதீர்கள். 'எப்படியும் கரண்ட் இருக்காது, அன்றைக்கே செய்துவிடலாமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். பதிப்பு மாறும்போது சில சமயம் பூட்லோடரும் சேர்ந்து எழுதப்படும். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பெட்டியே போய்விடக்கூடும். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில், அப்கிரேடு ஓடிக்கொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் வந்து யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்கிறேன் என்று மெயினை இறக்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் யாருமே சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஆக்டிவேட் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போர்ட் நிலவரம், மேக் முகவரிகளின் (இணைந்த கருவிகளின் அடையாள எண்கள்) எண்ணிக்கை, பி.ஓ.இ. பட்டியல், சி.டி.பி. காட்டும் அண்டைக் கருவிகள், இணைப்புகள் சுழலாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் நிலை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எடுத்துவையுங்கள். எழுந்த பிறகு அதையே மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். முன்னால் 131 போர்ட் உயிரோடு இருந்து இப்போது 128 என்றால், அந்த மூன்று எவை என்று தெரிந்த பிறகுதான் கமிட். பெரும்பாலும் ஏதாவது பழைய பிரிண்டராக இருக்கும். ஆனால் பார்க்காமல் பிரிண்டர்தான் என்று முடிவு கட்டக்கூடாது. இத்தனையும் ஸ்விட்ச் அறையில், லேப்டாப்பை நேராக ஸ்விட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக வேண்டாம்.

எங்கள் மில்லில் உள்ள ஸ்விட்ச் ஆறு வருடமாக ஒருமுறைகூட ரீபூட் ஆனதில்லை. நன்றாக ஓடுகிறதை ஏன் தொட வேண்டும்?
— ஈரோடு வாசகர்

ஆறு வருடமாக ரீபூட் ஆகவில்லை என்றால், ரீபூட் ஆனால் எழுமா என்று ஆறு வருடமாக யாருக்கும் தெரியாது என்றும் அர்த்தம். முதல் பதிலில் சொன்ன ரோம்வாரை நீங்களும் பாருங்கள்.

மற்றபடி 'தொடாதே' என்பதில் நியாயம் உண்டு. புதிய வசதிக்காக என்றால் நானும் தொடமாட்டேன். ஆனால் பாதுகாப்பு ஓட்டை வேறு விஷயம். 2018 மார்ச்சில், புதிய ஸ்விட்சுகளைத் தூரத்திலிருந்தே அமைக்க உதவும் சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. அடுத்த மாதமே ஈரானிலும் ரஷ்யாவிலும் இந்த ஸ்மார்ட் இன்ஸ்டால் வழியாகப் புகுந்து, பல ஸ்விட்சுகளின் கான்ஃபிகரேஷனை அழித்து அமெரிக்கக் கொடியை வரைந்துவிட்டுப் போனார்கள். பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதே 2018 ஓட்டையை ரஷ்ய உளவுத் துறையினர் பயன்படுத்துவதாக எச்சரித்தது. ஏழு வருடம் கழித்தும் திருத்தம் போடாத ஸ்விட்சுகள் உலகத்தில் தாராளமாக இருந்திருக்கின்றன.

2023 அக்டோபர் 16-இல் வெளியானது இன்னும் மோசம். ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ.யின் வெப் பக்கம் வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் முழு அதிகாரமுள்ள கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். தீவிரத்துக்கு 10-க்கு 10 கொடுத்தார்கள். திருத்தம் 22-ஆம் தேதிதான் வரத் தொடங்கியது.

கவனியுங்கள்: முதலாவதை 'நோ விஸ்டாக்' என்ற ஒரே கட்டளையால் அடைக்கலாம், இரண்டாவதை ஹெச்.டி.டி.பி. சர்வரை அணைத்து அடைக்கலாம். இரண்டுக்கும் ரீபூட் தேவையில்லை, இன்று மாலையே செய்துவிடலாம். செய்துவிட்டு, ஆயுத பூஜையோ பொங்கலோ மில் நிற்கும் நாளில் நிதானமாக அப்கிரேடு வையுங்கள்.

கல்லூரியில் 2960-எக்ஸ் ஸ்விட்சுகள் இருக்கின்றன. சர்வீஸ் கான்ட்ராக்ட் இல்லை. நண்பர் ஒருவர் பென் டிரைவில் புதிய இமேஜ் (ஸ்விட்ச் சாஃப்ட்வேர் ஃபைல்) தருகிறேன் என்கிறார். போடலாமா?
— நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் நண்பருக்கே தெரியாது. பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் என்றால் கான்ட்ராக்ட் இல்லாதவர்களுக்கும் சிஸ்கோ இலவசமாகத் தரும். ஸ்விட்சின் சீரியல் எண்ணையும், அந்த ஓட்டை பற்றி அவர்கள் வெளியிட்ட அறிவிப்பின் முகவரியையும் வைத்துக்கொண்டு அவர்களுடைய டேக் உதவி மையத்தைக் கேளுங்கள். இதைப் பலரும் கேட்பதே இல்லை. வெண்டர்களும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். 2960-எக்ஸ் விற்பனை 2022-இல் நின்றுவிட்டது, ஆதரவு 2027 வரைதான். அடுத்த பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்துவையுங்கள்.

மின்தடைக்குப் பிறகு எங்கள் 9300 எழவில்லை. கன்சோலில் 'ஸ்விட்ச்' என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் மட்டும் நிற்கின்றன. போய்விட்டதா?
— ஓசூர் வாசகர்

போகவில்லை. அது பூட்லோடர். எதை ஏற்றுவது என்று தெரியாமல் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. 'டிர்' கட்டளையால் ஃபிளாஷைப் பாருங்கள். பேக்கேஜஸ்.கான்ஃப் இருந்தால் 'பூட்' கட்டளையோடு அதன் பெயரைக் கொடுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும் பூட் வரியைச் சரிசெய்து சேமியுங்கள். அதை விட்டால் அடுத்த மின்தடையில் இதே இடத்தில் நிற்பீர்கள். ஃபிளாஷ் காலி என்றால், முழு இமேஜைப் பென் டிரைவில் போட்டுச் செருகி அதிலிருந்து பூட் செய்யலாம். அப்படி எழுந்தது பண்டில் மோடில் இருக்கும். மாலைக்குள் இன்ஸ்டால் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இரவு முழுக்க அப்கிரேடு செய்தால் மறுநாள் லீவு கேட்கலாமா அக்கா? மேனேஜர் முறைக்கிறார்.
— சென்னை வாசகி

தாராளமாகக் கேளுங்கள், ஆனால் முழு நாளாகக் கேட்காமல் மதியத்திலிருந்து கேளுங்கள். காலை 9 மணிக்கு எல்லோரும் வந்து லாகின் செய்யும்போதுதான், இரவில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக நெட்வொர்க்குக்கு வரும். நீங்கள் எடுத்துவைத்த பட்டியலில் அவை இருந்திருக்காது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் நீங்கள் அங்கே இருப்பது அவசியம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃபோனை மட்டும் சைலன்டில் போடாதீர்கள்.